எந்திரம் வரைந்த ஆறு

பள்ளிக்கூட மொட்டை மாடியில் நாற்பது பிள்ளைகளும் ஸிஹாம் டீச்சரும் நானும் மாட்டிக்கொண்டோம். கீழே, நூஹு நபியின் கப்பலே மிதக்குமளவு வெள்ளம்.

காலையில்தான் வரலாறு, புவியியல் வகுப்பில் மாணவி நெஸ்ரின் ஒரு வரைபடம் காட்டினாள். நகராட்சியின் பழைய காகிதங்களைச் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி வரையவைத்ததாம். அதில் பள்ளிக்கூடத்தின் நடுவே காட்டாறு ஓடியது.

பிள்ளைகளுக்குப் பழைய ஊர்க்கதை சொல்ல வந்திருந்த என்னை டீச்சர் சாட்சிக்கு அழைத்தார். "ஹாஜி பூபக்கர், எழுபது வருஷமா இந்த ஊர்ப் பேரீச்சை தின்னவர் நீங்க. இங்க ஆறு ஓடிச்சா?"

"ஆறா? ஒட்டகம் ஒண்ணுக்குப் போனாத்தான் இங்க ஈரம்!"

வகுப்பே சிரித்தது. நெஸ்ரினுக்கு இருபதுக்குப் பூஜ்யம். மதியம் மலையில் மழை கொட்டியது.

இப்போது டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். "உனக்கு இருபதுக்கு இருபது, கண்ணு! ஆத்துக்குள்ள பள்ளிக்கூடம் கட்ட எந்தக் கழுதை அனுமதி குடுத்துச்சு? அதையும் உன் எந்திரத்துக்கிட்ட கேளு."

"வேணாம்மா, போன்ல சார்ஜ் தீர்ந்துடும்," என்றேன் அவசரமாக.

அவள் கேட்டேவிட்டாள். "1984. கையெழுத்து, நகராட்சிப் பொறியாளர்..." நிமிர்ந்து பார்த்தாள். "ஹாஜி, உங்க பேரு!"

எண்பது கண்களும் திரும்பின. குதித்துவிடலாமென்று கீழே எட்டிப் பார்த்தேன். நீச்சல் தெரியாதே! ஆறே இல்லாத ஊரில் அதைக் கற்பானேன் என்று இருந்துவிட்டேன்.