ஏரிப் பக்கம் திறந்திருக்கிறது

வன அலுவலக ஜன்னலில் காலை வெயில் புகை கலந்து செம்மஞ்சளாக விழுகிறது. காட்டுத்தீ நெருங்கிவிட்ட மலைப்பாதையைச் சுவர் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அடிக்கிறார் காவலர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, இந்த மூன்று நாள் நடைக்காகவே எட்டு மாதம் மாடிப்படி ஏறிப் பழகிய அக்கா அந்தக் கோட்டையே பார்க்கிறாள். “வீட்டுக்குப் போயிடலாம்க்கா” என்கிறான் தம்பி. அவள் விரல் வரைபடத்தில் கீழே இறங்கி நீலத்தில் நிற்கிறது. “சார், இந்த ஏரிப் பாதை?” “திறந்துதான் இருக்கு. புகையும் அந்தப் பக்கம் வராது. ஆனா அடுப்பு கொண்டுபோகக் கூடாது.” “மூணு நாள் காபி இல்லாமயா?” என்று தம்பி முனகுகிறான். அக்கா அவன் பையிலிருந்து சின்ன கேஸ் அடுப்பை உருவி மேஜைமேல் வைக்கிறாள். “சுமை குறைஞ்சுதுல்ல, என் தண்ணி பாட்டிலையும் நீயே தூக்கு.” காவலர் சிரித்துக்கொண்டே அனுமதிச் சீட்டில் பாதையை மாற்றி எழுதுகிறார். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ நாடாவை இறுக்குகிறாள். தம்பி நீட்டிய கையைக் கவனிக்காமலே எழுந்து நிற்கிறாள்.