கதவில் சிக்கிய கை

"ஆடாம வை" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அம்மா தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். எக்ஸ்ரே அறையில் தினமும் ஊரார் எலும்பைப் படம் பிடிக்கிறவளுக்கு, இன்று சொந்த மகளின் வலது கை.

திரையில் படம் விழுந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, புறங்கை எலும்பு முறிந்து வளைந்திருந்தது.

"பாத்ரூம் கதவுல சிக்கிடுச்சும்மா" என்றாள் மகள், யாரும் கேட்காமலே, மறுபடியும். அதுதான் அம்மாவுக்கு உறுத்தியது. கதவு கடித்தால் விரல் நுனியைக் கடிக்கும். இந்த இடத்துக்கு வராது. அடிதடிக்குப் போய்வரும் இளவட்டங்களிடம்தான் இப்படி முறிந்து பார்த்திருக்கிறாள். அப்படியென்றால் இதிலும் ஓர் அடிதடி உண்டு. கை நீட்டுகிற ஒருவன் உண்டு.

மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், அந்தக் கதவின் பேரைச் சொன்னால் போய் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வருவதாக விளையாட்டுக்குச் சொன்னார். மகள் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

கதவின் பேரை அம்மா ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். மகளோடு கல்லூரியில் படிக்கும் பையன். நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது ஸ்டூல் போடாமலே பல்பு மாட்டிக்கொடுத்தான். அன்று அந்த நீளக் கையைப் பார்த்துச் சிரித்தவள், இப்போது அது மகள்மேல் ஓங்குவதாகவே நினைத்துப் பார்த்தாள்.

இதெல்லாம் அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கணவர் உயிரோடு இருந்தவரை அவளும் கதவு, மாடிப்படி, ஈரத்தரை என்று வேளைக்கொரு கதை கட்டியவள்தான். பட்டவளுக்குத்தானே தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகும் மகள் போனைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். பதில் வரத் தாமதமானால் முகம் இருண்டது. முன்பெல்லாம் கும்பலாக வந்து வீட்டை இரண்டாக்கும் தோழிகள் இப்போது எட்டிப் பார்ப்பதே இல்லை. சாயங்காலம், சாத்திய அறைக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"இனிமே சத்தியமா நடக்காது. என்னை விட்டுட்டு மட்டும் போயிடாத."

அடியையும் வாங்கிக்கொண்டு கெஞ்சவும் செய்கிறாளே என்று அம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. உள்ளே போய் யார் என்று கேட்டதற்கு, உனக்கு எதையெடுத்தாலும் சந்தேகம்தான் என்று மகள் சீறினாள். யாரைக் காப்பாற்றுகிறாள் என்பது சொல்லாமலே விளங்கியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், நெட்டை பகுதிநேரமாக வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அம்மா போய் நின்றாள். அவளைக் கண்டதும் அவன் பார்வை அவள் தோளைத் தாண்டித் தெருவுக்குத் தாவியது.

"அவளும் வந்திருக்காளா ஆன்ட்டி?"

திருட்டு முழி. பேச்சும் வாயைத் திறக்காமல், பல்வலிக்காரன் முனகுவதுபோல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் காதில் விழாதபடி, ஆனால் மூச்சு விடாமல் பேசினாள். மகளின் எலும்பு முறிந்ததை, அதைத் தானே படம் எடுக்க நேர்ந்ததை, போலீசுக்குப் போனால் அவன் படிப்பு என்ன கதியாகும் என்பதை. அவன் தலையைக் குனிந்து தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்குமேல் அவளுக்கு என்ன சாட்சி வேண்டும்?

"இங்க பாருப்பா. நான் அடி வாங்கியே வாழ்ந்தவ. அடிக்கிற கை எதுன்னு பாத்ததும் சொல்லிடுவேன். மரியாதையா அவளை விட்டுடு."

நெட்டை தாடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தான்.

"விட்டுடுறேன்னு சொன்னதுக்குத்தான் ஆன்ட்டி, அவ என்னை அடிச்சா."