நாலாவது கேள்வி

எங்கள் மருந்துக்கடையில் டோரீன் நிற்கிற பக்கம் வரிசை நகராது.

"கண்ணு, போன மாசத்துக்கப்புறம் ஆஸ்பத்திரி, டாக்டர்னு எங்கயாச்சும் போனீங்களா?"

"இல்ல."

"புதுசா வேற மருந்து ஏதாச்சும்?"

"இல்லம்மா."

"மாத்திரையால தொந்தரவு எதுவும் இல்லையே?"

"டோரீன், ஹாலிஃபாக்ஸ் பஸ் போயிடும்!"

"இதான் கடைசி. இதுல எதுவும் இந்த மாசம் வேணாம்னு இருக்கா?"

கேட்டதோடு விடமாட்டாள். பதில் வரும்வரை எதிரே நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் பத்து பேர் நனைந்த கோட்டோடு முனகுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பெல்லாம் காகிதம். மாதம் தவறாமல் டாக்டர் கிளினிக்குக்குப் போய், பழைய மருந்துச் சீட்டின் ஓரத்தில் வேண்டிய மருந்துக்கு டிக் போட்டுப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு நாள் கழித்து டாக்டர் கையெழுத்தோடு பச்சைச் சீட்டு வரும். போன வருடம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. டாக்டர் ஒரு தடவை ஒப்புதல் கொடுத்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் மருந்து எங்கள் திரையில் தானாக வந்து நிற்கும். கொடுக்கும் முன் நாங்கள் கேட்க வேண்டியது அந்த நாலே கேள்வி.

நாலுக்கும் பதில் தட்டினால்தான் திரை நகரும். நான் மளமளவென்று நாலு 'இல்லை' தட்டிவிடுவேன். அதே ஆள், அதே மாத்திரை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

மிஸ்டர் ஓல்ட்ராய்ட் எப்போதும் என் வரிசைதான். மனைவி இறந்ததிலிருந்து தனி ஆள். பிரஷருக்கு ஒரு மாத்திரை. மனைவி போன பிறகு தூக்கத்துக்கும் ஒன்று. டோரீன் சும்மா நின்றுகொண்டு கையாட்டிக் கூப்பிட்டாலும், "இருக்கட்டும், நான் பெக்கிகிட்டயே வாங்கிக்கறேன்" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

டோரீன் மேல் மூன்றாவது புகார் வந்த அன்று, கடைப் பொறுப்பில் இருக்கும் இம்தியாஸ் அவளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமைலேர்ந்து நீங்க உள்ள போயிடுங்க டோரீன். பெட்டி அடுக்கற வேலை."

"முப்பது வருஷமா கவுன்ட்டர்ல நிக்கறேன். ஜனங்க முகத்தப் பாக்காம எனக்கு வேலை ஓடாது இம்தியாஸ்."

"பெக்கியும்தான் அதே கேள்விய கேக்கறா. எவ்வளவு வேகமா முடிக்கறா பாருங்க."

நான் குனிந்து கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கிலிருந்து எனக்குப் போன். பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மிஸ்டர் ஓல்ட்ராய்ட் வந்தார். கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார். நான் போனை வைப்பதாக இல்லை. வேறு வழியில்லாமல் டோரீன் பக்கம் போனார்.

முதல் மூன்றுக்கும், "இல்ல, இல்ல, இல்ல."

"இதுல எதுவும் வேணாம்னு இருக்கா கண்ணு?"

டோரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பின்னால் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள்.

"அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

மருந்தை அப்படியே விட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

நான் போனை வைத்தேன். "ஒரு நல்ல மனுஷன விரட்டியே விட்டுட்டியே! இப்ப திருப்திதானே?"

இம்தியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்தவரைக் கவனித்தாலும் டோரீனின் கண் வாசலிலேயே இருந்தது.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு துணிப்பை. வரிசையைத் தாண்டி நேராக டோரீனிடம் வந்து, பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்தார்.

தூக்க மாத்திரை. ஒன்பது பெட்டி. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"இது வேணாம்" என்றார். "என் வீட்ல இது இருக்க வேணாம்."

தூங்காத மனுஷன் தூக்க மாத்திரையை ஒன்பது மாதம் எதற்குச் சேர்த்து வைப்பார்? எங்களுக்குப் புரிந்துவிட்டது. கடையில் ஒருவரும் இருமவில்லை.

டோரீன் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை ஐஸா இருக்கு. உள்ள வாங்க, டீ போடறேன்."

"நீ கேட்டுடுவியோன்னுதான் டோரீன், இத்தன மாசமா உன் பக்கம் வராம இருந்தேன்."

"அதான் இப்ப வந்துட்டீங்களே."

இருவரும் உள் அறைக்குப் போனார்கள். திங்கட்கிழமையைப் பற்றி இம்தியாஸ் பிறகு பேசவே இல்லை. உடனே டாக்டருக்குப் போன் போட்டார்.

"இப்பவே வராராம்" என்றார் என்னிடம், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு. "மாசா மாசம் ஏதாவது வேணாம்னு இருக்கான்னு அவர்கிட்ட கேட்டிருக்கணுமே, என்ன சொன்னாருன்னு கேக்கறார்."

திரையைத் தன் பக்கம் திருப்பினார். நானும் பார்த்தேன்.

'வேண்டாதது ஏதேனும் உண்டா?' 'இல்லை.' ஒன்பது மாதம், ஒன்பது 'இல்லை'. கேட்டவர் என்ற இடத்தில், ஒன்பது தடவையும் என் பெயர்.