ஓசைப்படாத மோட்டார்

படகு மோட்டாரின் சார்ஜர் பிளக்கை யாரோ பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கொலைக் கத்தியைக் கண்டெடுத்த இன்ஸ்பெக்டர் மாதிரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் கோச் ஜவஹர்.

“நாகராஜ்! இது உன் வேலைதானே?”

“ஐய, நா இன்னாத்துக்கு சார் புடுங்கப் போறேன்? நைட்டு சொருவிட்டுதான் சார் ஊட்டுக்கே போனேன்!”

நம்பவா முடியும்? அடையாற்றில் துடுப்புப் படகுப் பந்தயம் பழக்கும் கிளப் அது. பயிற்சிப் படகுக்குப் பின்னாலேயே கோச்சை ஏற்றிக்கொண்டு போகும் மோட்டார் படகை ஓட்டுகிறவன் சைதாப்பேட்டை நாகராஜ். மூன்று வாரம் முன்பு பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி ஷெட்டில் போட்டபோது, அதற்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டியவன்.

புது மின்மோட்டாரில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒரு சார்ஜில் காலைப் பயிற்சி முழுக்க ஓடும். புகை கிடையாது, பின்னால் அலை கிடையாது, கரையில் தூங்கும் கொக்குகூடக் கண் திறக்காது. கிளப்பிடம் கெஞ்சி அதை வாங்க வைத்ததே ஜவஹர்தான். இன்ஜின் உறுமலுக்கு மேல் கத்திக் கத்தி, மந்தைவெளி நாட்டு மருந்துக் கடையின் அதிமதுரம் மொத்தமும் அவர் தொண்டைக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கத்தியே நான்கு கோப்பை வாங்கியவர். துடுப்புப் போடும் பெண்கள் நால்வரும் படகின் பின்பக்கம் திரும்பி, அவரைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பார்கள். “கையை மடக்காதே!” என்று கர்ஜித்தால் தலையாட்டுவார்கள். “மடக்கித் தொலையேன்!” என்றாலும் அதே தலையாட்டல். அப்படியொரு பணிவு.

மின்மோட்டார் வந்த நாளிலிருந்து படகு நொண்டியடித்தது. ஒருத்தி துடுப்பு வானத்தில், ஒருத்தி துடுப்பு சேற்றில். ஜவஹர் ஒரு நிமிஷம்கூட வாய் மூடாமல் திருத்தியும் திருந்தவில்லை. பேட்டரியிலிருந்து கரன்ட் கசிந்து பெண்களின் கை நடுங்குகிறதோ என்றுகூட அவருக்குச் சந்தேகம்.

கிளப் செயலாளர் சந்திரிகா முந்தின நாளே சொல்லிவிட்டார்: “நாளைக்குத் தேர்வுல நம்ம டீம் தேறலேன்னா, வேற கோச் பாத்துக்கறோம் சார்.”

இந்த லட்சணத்தில் இன்று பேட்டரி காலி.

“பழச மாட்டவா சார்? பெட்ரோல் ரெடியா கீது,” என்றான் நாகராஜ். துக்க வீட்டில் சிரிப்பு வந்தவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வேறு வழி? பழைய இன்ஜின் இருமியது, காறியது, கோட்டூர்புரம் பாலத்தையே புகையில் மறைத்தது. ஒவ்வொரு கிளப் படகையும் தனித்தனியே விட்டு நேரம் பார்க்கும் தேர்வு அது. கோச் பின்னால் வரத் தடையில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஜவஹர் அடித்தொண்டையில் அலறினார். பெண்கள் தலையாட்டினார்கள். நான்கு துடுப்பும் ஒரே துடுப்பாக விழுந்து எழ, படகு அம்பாகப் பறந்தது.

முதலிடம்!

“என்ன குரல் சார் உங்களுக்கு! அதுதான் நம்ம டீமோட உசுரு,” என்று சந்திரிகா கையைக் குலுக்கினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஜவஹர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

கரையில் துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கேப்டன் அன்புச்செல்வியிடம் போய்க் கிசுகிசுத்தார்: “நீயாவது உண்மையைச் சொல்லும்மா. பிளக்கைப் புடுங்கினது நாகராஜ்தானே?”

“அண்ணனைத் திட்டாதீங்க சார். நாங்க நாலு பேரும்தான் புடுங்கினோம்.”

“நீங்களா! ஏம்மா, அந்த மோட்டாருக்கு என்ன குறைச்சல்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதுல போனா, நீங்க சொல்றது கேக்குது சார்.”