டெசாவுக்கு ஒரு வீடு

சமையலறைக் கதவில் சின்ன விரல்முட்டிகள் தட்டிய சத்தம் மோரீனின் காதை விட்டுப் போகவே இல்லை. மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டு டெசா அப்படித்தான் வந்தாள். நான்கு வயது. அம்மா போதையில் கிடந்தாள். பிள்ளைக்குப் பசி.

அன்றிலிருந்து டெசாவுக்குச் சோறு போட்டது மோரீன்தான். இப்போது அந்த அம்மா சிறையில். பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், அந்த மலை வட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்க ஒரே ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ இல்லம்தான் இருந்தது.

டெசாவைத் தன்னிடம் தரும்படி கேட்டு அங்கே போன மோரீனை இல்லத் தலைவர் விட்லோ எழுந்து நின்று வரவேற்றார். டெசா உங்கள் பேரைச் சொல்லித்தான் அழுகிறாள் என்றார்.

"எந்தச் சபை, சகோதரி?"

"புனித அன்னம்மாள் கோயில்."

விட்லோ பேனாவை மூடினார்.

"கத்தோலிக்கரா, மேடம்? அப்ப எங்களால பிள்ளை தர முடியாதே. இரட்சிக்கப்பட்ட குடும்பத்துக்குத்தான் தருவோம்."

"நானும் அதே இயேசுவைத்தான் கும்பிடறேன்."

"கூடவே மாதாவையும்."

மோரீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளை ஏங்கி அழுவது தெரிந்தும் கதவைச் சாத்துகிறீர்களே, வேதம் படித்து என்ன புண்ணியம் என்று கேட்டாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள். விட்லோ குரலை உயர்த்தவே இல்லை.

"உங்களை நல்லா ஞாபகம் இருக்கு, மேடம். போன வருஷம் சட்டசபைப் படிக்கட்டுல கோஷ அட்டையைத் தூக்கிக்கிட்டு எனக்குப் பக்கத்துலதான் நின்னீங்க. விசுவாசத்துக்கு ஒத்துவராதவங்களுக்குப் பிள்ளை தர மாட்டோம்னு சொல்ற உரிமை எங்களை மாதிரி இல்லங்களுக்கு வேணும்னு. நாம சேர்ந்து கேட்டு வாங்கின சட்டம்தானே?"

"அது அந்த ஆம்பளைங்க ரெண்டு பேர் ஜோடியா வந்து பிள்ளை கேட்டாங்களே, அவங்களைத் தடுக்கத்தானே?"

"சட்டத்துல யார் பேரும் எழுதல, மேடம்."

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. கணவர் கிளைட், பேசிப் பயனில்லை என்று, ஊரிலிருந்த ஒரு பெண் வக்கீலிடம் கூட்டிப்போனார்.

வக்கீல் கதையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு ஆண்களும் ஏற்கெனவே வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் மோரீனும் சேரலாம் என்றாள். சட்டம் வேண்டுமென்று தெருவில் நின்ற பெண்ணே வந்து, இதனால் ஒரு பிள்ளை தவிக்கிறது என்று சொன்னால் நீதிபதி தட்டிக்கழிக்க முடியாது. டெசா வீடு வந்து சேர அது ஒன்றுதான் வழி என்றும் சொன்னாள்.

மோரீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கோர்ட்டுல அவங்க ரெண்டு பேர் பக்கத்துலயா நான் உக்காரணும்?"

"வழக்கு ஒண்ணுதானேம்மா."

மோரீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சட்டத்துல ஒரு தப்பும் இல்ல. அந்த விட்லோவுக்குத்தான் ஆள் தராதரம் தெரியல."

டெசா இப்போது மாநிலத்தின் மறுகோடியில், ஒரு அனாதை விடுதியில் இருக்கிறாள்.