கிரேடனுக்கு வைத்த தேர்வு

மில்வாக்கியில் லுவீனியாவின் அழகு நிலையத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் அங்கே போராட்டக் குழு கூடும். கறுப்பினப் பிள்ளைகளைத் தெருவில் மறித்துப் போலீஸ் படுத்தும் பாட்டை எதிர்க்கிற போராட்டத்துக்கு வேண்டிய நிதியை யாரிடம் வாங்குவது என்பது அந்த அறையில்தான் முடிவாகும்.

முடி உலர்த்தும் இயந்திரத்தின் கீழே, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பணம் கொடுக்க வந்திருந்த பணக்கார வெள்ளைக்கார இளைஞன் கிரேடன் டையைத் தளர்த்தினான்.

"போன வருஷம் பணம் தர்றேன்னு வந்த ஒருத்தர் இதே நாற்காலியில உக்காந்து தேன் ஒழுகப் பேசினாரு," என்றாள் லுவீனியா. "நம்ம பிள்ளைங்க மேயர் வீட்டு வாசல்ல உக்காந்தாங்க. பேப்பர்ல நம்மளைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. மறுநாள்லேர்ந்து மனுஷன் போனையே எடுக்கல. நீங்க எப்படி?"

"ஓட மாட்டேன் மேடம்."

"ஓடுறதுக்கு முந்தி எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க!" என்று பஸ் ஓட்டுநர் ரோஸ்கோ சிரித்தார். "உங்க வீட்டுல என்ன சொல்றாங்க?"

"அப்பா எங்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாரு."

லுவீனியா முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு உங்களுக்கும் எங்களுக்கும் கருத்து மோதினா, யாரு பேச்சு நிக்கும்?"

"தெருவுல இறங்கி நிக்கிறவங்க பேச்சு."

ரோஸ்கோ தலையாட்டினார்.

"சரி தம்பி," என்றாள் லுவீனியா. "உங்க பணத்தை வாங்கிக்கிறோம்."

கிரேடன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காசோலைப் புத்தகத்தை எடுத்தான்.

"எவ்வளவு எழுதட்டும் மேடம்?"

"அதையும் நானே சொல்லணுமா? உங்க தாத்தா இந்தத் தெரு முழுக்க வாடகை வாங்கினாரே, அதை நினைச்சுக்கிட்டே எழுதுங்க," என்றவள், வறுத்த கோழித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல சாப்பிடுங்க. அத்தனை சைபரும் எழுத நேரமாகும்."