வெறுமனே திரும்பாத லோரி

"இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாதுண்ணே" என்றாள் தினேஸ்வரி, குரலைத் தாழ்த்தி.

அலமாரியை அளந்துகொண்டிருந்த பத்துமலையின் கையில் டேப் அப்படியே நின்றது. ஈப்போ பக்கம் செமோரில் சொந்த லோரி வைத்து, வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்பவர். புருஷனுக்குத் தெரியாமல் வீட்டைக் காலி செய்த பெண்களையும் பார்த்திருக்கிறார். மோட்டார் சைக்கிளில் லோரியைத் துரத்தி வந்த புருஷன்மார்களையும் பார்த்திருக்கிறார்.

"டீச்சர், சண்டை சச்சரவுன்னா நான் வரலலா. எங்க போறீங்க?"

"ஜொகூருக்கு. அவர் வீட்டுக்குத்தான்."

பத்துமலை விழித்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவன் ஜெயபாலனுக்கு ஜொகூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுக்கு ஈப்போவில் பள்ளிக்கூடம். கல்யாணமான நாளிலிருந்து மாதத்தில் ஒரு சனி, ஞாயிறுதான் குடும்பம். கேட்டுக் கேட்டு இப்போதுதான் அவளுக்கு ஜொகூருக்கு மாற்றல் கிடைத்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல், சாமான்களோடு போய் அவனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

"அப்படிச் சொல்லுங்க!" பத்துமலைக்கு உயிர் வந்தது. அடுத்து அவர் சொன்ன தொகையில் தினேஸ்வரிக்கு உயிர் போயிற்று.

"மூவாயிரம் ரிங்கிட்டா? ஒரு ஆளு சாமான்தானேண்ணே!"

"தூரம் மட்டும் இல்லலா. இது மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. இந்த அலமாரியக் கழட்டித்தான் இறக்கணும். கீழ சந்துல லோரி நுழையாது, ரோடு வரைக்கும் ஆள் தூக்கணும். மாசக் கடைசி சனிக்கிழமை வேற கேக்கறீங்க. ஊரே அன்னிக்குத்தான் பிந்தா பண்ணும், வீடு மாறும்."

"அலமாரி வேணாம். பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாளா கேக்கறாங்க, குடுத்துடறேன்."

விலை கொஞ்சம் இறங்கியது. போதவில்லை. விஷயத்தைக் கணவனிடம் மறைத்த பிறகு அவனிடம் காசு கேட்க முடியுமா?

"எல்லாத்தவிட பெரிய செலவு எது தெரியுமா, டீச்சர்? அங்க இறக்கிட்டு நான் வெறும் லோரியத்தான் ஓட்டிக்கிட்டு வரணும். அந்த டீசல், டோல் எல்லாம் உங்க தலையிலதான் விழுது."

அவள் முகம் வாடியதைக் கண்டு பத்துமலைக்கு மனசு கேட்கவில்லை. ஜொகூரில் லோரி ஓட்டும் தன் கூட்டாளி கனகராஜைப் போனில் கூப்பிட்டார். பேசி முடித்தபோது அவருக்கு வாயெல்லாம் பல்.

"அதிர்ஷ்டம்லா! அங்கேருந்து ஈப்போவுக்கு ஒரு ஆளு லோரி தேடுறாராம். ஆனா செவ்வாக்கிழமைதான் தோதாம். போறப்ப உங்க சாமான், வாரப்ப அவரு சாமான். உங்களுக்குப் பாதி விலை!"

"பள்ளி லீவுதான். செவ்வாயே போலாம்ண்ணே!" என்றவள், நினைவு வந்தவளாக, "ராத்திரியில மட்டும் போன் அடிக்காதீங்க. அவரு வீடியோவுல பேசற நேரம்" என்றாள்.

"அந்த ஆளும் ராத்திரியில அடிக்காதீங்கன்னு சொன்னாராம். எல்லாருக்கும் ஏதோ ரகசியம் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே பத்துமலை படியிறங்கினார்.

செவ்வாய் விடியலில் புறப்பட்ட லோரிக்குப் பின்னாலேயே தினேஸ்வரி தன் காரை ஓட்டினாள். மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. ஜெயபாலன் வேலை முடிந்து வருவதற்குள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கதவைத் திறக்க வேண்டும். தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரித்தாள்.

ஜொகூரில் அந்த வீட்டு வாசலில் லோரி நின்றபோது அவள் சிரிப்பும் நின்றது. ஜெயபாலனின் கார் வீட்டில் இருந்தது. வேலை நாளில்!

கதவைத் தட்டினாள். அது ஒரு சாண் அளவுதான் திறந்தது.

"தினேஸ்! நீ... நீ எப்படி இங்க?" ஜெயபாலனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவளையும் லோரியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மொதல்ல உள்ள விடுங்க."

"இரு, இரு. ஒரு நிமிஷம் அப்படியே நில்லேன்."

கதவை உடம்பால் அடைத்துக்கொண்டான். உள்ளே எதுவோ சரிந்து விழும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரு?" என்றாள் அவள்.

பத்துமலைக்குச் சங்கடமாகிவிட்டது. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நமக்கென்ன என்று லோரியோரம் ஒதுங்கினார். சாமான் ஏற்ற வேண்டிய வீடு எங்கே என்றாவது விசாரிப்போம் என்று, கனகராஜ் கொடுத்திருந்த அந்த ஆளின் எண்ணை அழுத்தினார்.

ஜெயபாலனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவன் போனைப் பார்த்தான். காதில் போனோடு நின்ற பத்துமலையைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டுக் கதவை முழுசாகத் திறந்தான். கூடம் நிறையக் கட்டி வைத்த பெட்டிகள். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் 'ஈப்போ'.

"போஸ்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஈப்போவுக்கு மாத்தல் வாங்கினேன், தினேஸ். சொல்லாம வந்து உன்னைத் திகைக்க வைக்கலாம்னு பாத்தேன்."

தினேஸ்வரி பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"மாத்தல் வேணாம்னு சொல்லிட்டு நான் இங்கயே இருந்துடறேன்" என்றான் அவன்.

"இல்ல, நான் ஈப்போவுக்கே திரும்பிடறேன்" என்றாள் அவள்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு அடங்குவதாக இல்லை.

வாசலில் நின்ற பத்துமலை தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், இப்ப நான் இறக்கறதா, ஏத்தறதாலா?"